பரணில் ஏற்றிய கிதாரை இறக்கிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் திருப்பூரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்ததை டீக்கடையில் படித்தேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து ஆர்டர் குறைந்து, அவர் மகன் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் ஆளைக் குறைத்துவிட்டார்களாம். பையன் வீட்டில் இருக்கிறான். வேலை தேடிப் போகாத நேரமெல்லாம் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறான். "அடுப்புக்கே யோசனையாக இருக்கிற வீட்டில் இந்தக் கூத்து எதற்கு? அதுவும் நம்ம ஊர் வாத்தியம்கூடக் கிடையாது" என்று கேட்டிருந்தார். கடைசி வரியில், கிதாரை உறையோடு தூக்கிப் பரணில் போட்டுவிட்டதாக எழுதியிருந்தார்.

அந்தக் கடைசி வரிதான் என்னை விடவில்லை. பரண் என்றால் தளத்துக்கோ ஓட்டுக்கோ கீழேதானே இருக்கும். வெயில் காலத்தில் அங்கே கிடக்கிற கிதாரில் பசை இளகி, கம்பியைத் தாங்குகிற பிரிட்ஜ் கட்டை கழன்று வந்துவிடும். எனக்கு முதலில் வந்தது அந்தக் கவலைதான். அம்மாவைப் பற்றியும் பையனைப் பற்றியும் யோசித்தது அதற்கப்புறம். தொழில் புத்தி, மன்னிக்கவும்.

நான் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட். மோட்டார் பம்பு செய்கிற கம்பெனிகளுக்கு புஷ், ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற ஜாப் ஒர்க். பதினைந்து வயதில், 1986-ல், எண்ணெய்த் துணியும் கையுமாக ஹெல்பராக இதற்குள் வந்தவன். எழுதிப் பழக்கமில்லை, டெலிவரி சலான் எழுதுவதோடு சரி. ஆனால் கஷ்ட காலத்தில் கிதார் எதற்கு என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. என் கிதார் என்னிடம் வந்ததே கஷ்ட காலத்தில்தான்.

2012-ஐ கோவைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் கரண்ட் வரும், ஒரு மணி நேரம் போகும் என்பது பேச்சுக்குத்தான். பல நாள் வந்ததைவிடப் போனதுதான் அதிகம். லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்கில் ஜாப் பாதி கடைந்தபடி நிற்கும். டூல் பிட்டைப் பின்னுக்கு இழுத்துவிட்டு வாசலில் போய் உட்காருவோம். பெரிய கம்பெனிகள் ஜெனரேட்டர் போட்டு ஓட்டின. ஒரு புஷ்ஷுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி வாங்குகிற நாங்கள் டீசல் ஊற்றினால் கூலி முழுக்க டீசலுக்கே போய்விடும். எங்கள் தெருவில் எல்லாப் பட்டறை வாசலிலும் ஆட்கள் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் மாதம் சீட்டாடினோம். சீட்டில் சண்டை வந்தது. அப்புறம் கடன் பேச்சு. யாருக்கு எத்தனை தவணை பாக்கி, எவன் லேத்தை விற்றுவிட்டு செக்யூரிட்டி வேலைக்குப் போய்விட்டான் என்று பேசப் பேச வயிறு எரியும். கரண்ட் வந்து எழுந்தால் கை ஓடாது.

என்னிடம் அப்போது ஒரு ஹெல்பர் பையன் இருந்தான். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிதார் வாசிப்பவன். ஒரு நாள் அதைப் பட்டறைக்கே தூக்கி வந்துவிட்டான்.

"ஏண்டா, இதுக்குக் கரண்ட் வேண்டாமா?" என்று கேட்டேன். எனக்கு அவ்வளவுதான் தெரியும். கச்சேரி மேடையில் ஒயர் செருகித்தானே வாசிக்கிறார்கள்.

"வேண்டாங்ணா. இது கரண்ட்டுக்கு முந்துன சாமான்" என்றான்.

மெஷின் நின்ற பட்டறையில் ஒரு கம்பியைத் தட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். இருபத்தாறு வருஷம் இரைச்சலுக்குள்ளேயே நின்ற காது. அவன் ஐந்தாவது கம்பியைத் தட்டினான். அலமாரியில் டிரில் பிட் போட்டு வைக்கும் தகர டப்பா கூடவே முனகியது. கம்பியை விரலால் அமுக்கி நிறுத்தினான், டப்பாவும் நிறுத்திக்கொண்டது. மறுபடி தட்டினான், மறுபடி முனகியது. வேறு எந்தக் கம்பிக்கும் அது வாயைத் திறக்கவில்லை. நாங்கள் நாலு பேர், எல்லாரும் வயசான ஆட்கள், அந்த டப்பாவைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். என் பழைய டர்னர் ஒருவர், எதற்கும் சிரிக்காதவர், "மறுக்கா தட்றா சாமி" என்றார்.

இன்னொன்றும் அப்போது தெரிந்தது. கரண்ட் வந்ததும் வெல்டிங் செட்டின் டிரான்ஸ்ஃபார்மர் ம்ம்ம் என்று இரையும். பையன் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை (கிதார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டை) அமுக்கித் தட்டினான். கிட்டத்தட்ட அதே சுருதி. நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. டிரான்ஸ்ஃபார்மர் அதற்கு இரண்டு மடங்காக 100 முறை அதிரும். அந்த ஃப்ரெட்டில் வருகிற ஜி ஸ்வரம் 98. இரண்டே இரண்டுதான் வித்தியாசம். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் கரண்ட் வந்தால் "ஜி வந்துருச்சு, எந்திரிங்க" என்றுதான் கூப்பிடுவோம். இப்போதும் அப்படித்தான். புதிதாகச் சேருகிற பையன்கள் யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டார் என்று எழுந்து நிற்பார்கள்.

எத்தனை நாள் அவன் கிதாரையே வாங்கித் தட்டுவது? உக்கடம் பக்கம் பழைய சாமான் கடையில் ஒன்று கிடந்தது. கம்பியில்லை, ஒரு கீ வளைந்திருந்தது, மேல் பலகையில் யாரோ சாமி படம் ஒட்டிக் கிழித்த தடம். 600 ரூபாய் சொன்னார்கள், 450-க்கு வாங்கினேன். வீட்டுக்குத் தெரியாமல் பட்டறையில் வைத்தேன்.

புதுக் கம்பி போட்டு சுருதி சேர்த்தால், தலைப்பக்கம் சரியாக ஒலிக்கிறது, உடல் பக்கம் போகப் போக சுருதி ஏறிக்கொண்டே போகிறது. பையன் "இது தேறாதுங்ணா" என்று கையை விரித்துவிட்டான். நான் அளவெடுக்கிற வெர்னியரை எடுத்தேன்.

கிதார் செய்கிறவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கம்பி தொடங்குகிற நட்டிலிருந்து, கம்பி போய் உட்காருகிற சாடில் வரைக்கும் உள்ள நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் எங்கே வர வேண்டும் என்று கிடைக்கும். மீதி நீளத்தை மறுபடி 17.817-ஆல் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃப்ரெட் சரிபாதியில் வந்து நிற்கும். (இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். லேத்துக்கும் கிதாருக்கும் பாகங்களின் பெயர்கூட ஒன்றுதான். ஹெட்ஸ்டாக் இரண்டிலும் உண்டு, சாடில் இரண்டிலும் உண்டு. நட்டும் உண்டு, ஆனால் கிதார் நட்டுக்கு மரை கிடையாது. இது தெரிந்த அன்றைக்கு எனக்கு ஏதோ சொந்தக்காரன் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.) என் கிதாருக்கு 650 மில்லிமீட்டர் என்று வைத்தால் முதல் ஃப்ரெட் 36.48-ல் வர வேண்டும். அளந்தேன், 36.5. அடுத்த இடைவெளி 34.43 வர வேண்டும், அதுவும் வந்தது. ஃப்ரெட் போட்டவர் யாரோ, தொழில் தெரிந்தவர். பன்னிரண்டாவது ஃப்ரெட் 325-ல் சுத்தமாக இருந்தது. அங்கிருந்து சாடில் வரைக்கும் ஸ்கேல் வைத்தால் 321! எப்போதோ கழன்ற பிரிட்ஜை எவனோ திரும்ப ஒட்டும்போது 4 மில்லிமீட்டர் முன்னால் தள்ளி ஒட்டியிருக்கிறான்.

மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு கூடிப்போனாலே மால் ரிஜெக்ட் ஆகி, கம்பெனி வாசலில் நின்று வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆள் நான். 4 மில்லிமீட்டரைப் பார்த்ததும் கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. வியாதி என்னவென்று தெரிந்துவிட்டதே. இஸ்திரிப் பெட்டியும் ஈரத்துணியும் வைத்துச் சூடு காட்டி, மெல்லிய தகட்டை நுழைத்து நுழைத்து பிரிட்ஜைக் கிளப்பினேன். பழைய பசையைச் சுரண்டினேன். கம்பியை ஃப்ரெட்டில் அமுக்கும்போது கொஞ்சம் இழுபடும், அதற்காக 2 மில்லிமீட்டர் கூட விட வேண்டும் என்று பையன் கேட்டு வந்து சொன்னான். 327-ல் கோடு போட்டு, ஃபெவிகால் தடவி, சி கிளாம்ப் இறுக்கி, இரண்டு நாள் யாரையும் தொட விடவில்லை. மூன்றாம் நாள் கம்பி ஏற்றிப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டை அமுக்கித் தட்டினால், திறந்த கம்பியின் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே, கண்ணாடி மாதிரி. அந்த மாதம் எனக்குக் கம்பெனியிலிருந்து வர வேண்டிய பணம் வரவில்லை. லேத்துக்கு வாங்கிய கடனில் இரண்டு தவணை நின்றிருந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரில் பாடிக்கொண்டு போனேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். என் இடது கை நடுவிரலில் நுனி கிடையாது. 1998-ல் ஓரிடத்தில் தகடு வெட்டுகிற பவர் பிரஸ்ஸில் நின்றபோது போனது. காப்புத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓட்டச் சொல்வார்கள், அப்போதுதான் எண்ணிக்கை கூடும். அது பழைய கதை, விடுங்கள். ஆனால் கிதாரில் கார்ட் பிடிக்க, அதாவது பல கம்பியை ஒரே நேரத்தில் அமுக்க, இடது கையில் நாலு விரலும் வேண்டும். எனக்கு மூன்றே முக்கால்.

அதைச் சொல்லி நான் பின்வாங்கியபோது பையன் செல்போனில் ஒரு ஆளைக் காட்டினான். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம்காரர், டோனி அயோமி என்று பெயர். பதினேழு வயதில் தகடு வேலை செய்கிற ஃபேக்டரியில் மெஷினுக்குள் கை போய், இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடக்கைக்காரர், அதனால் ஃப்ரெட்டை அமுக்குகிற கை வலது கை. போனதும் அந்தக் கைதான். அதுவும் அந்த வேலையில் அவருக்கு அன்றைக்குக் கடைசி நாள்! இனி கிதார் இல்லை என்று சோர்ந்து கிடந்தவரிடம் ஃபேக்டரி மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினாராம். வாசித்தவர் ஜாங்கோ ரெயின்ஹார்ட். 1928-ல் குடியிருந்த வண்டி தீப்பிடித்து, இடது கையில் இரண்டு விரல் முடங்கிப்போய், மீதி இரண்டு விரலாலேயே ஓடி ஓடி வாசித்தவர். நாடோடி ரோமா இனத்துக்காரர். ஹிட்லரின் ஆட்கள் அவர் இனத்தையே வேட்டையாடிய காலத்திலும் பாரிஸில் வாசித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டு, மெல்லிசான கம்பி போட்டு வாசிக்க ஆரம்பித்தார். பிளாக் சாபத் என்ற குழுவில் பிற்பாடு பெரிய ஆள். அவர்கள் பாட்டு எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை, ஒரே இடி முழக்கம். ஆனால் பவர் பிரஸ் சத்தம் கேட்டவனுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

அன்று ராத்திரி தூக்கமில்லை. பதினாலு வருஷமாகக் கல்யாண வீட்டில்கூட அந்தக் கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்றவன் நான். மறுநாள் நைலான் ராடு ஒன்றை லேத்தில் மாட்டி, என் விரல் அளவுக்குத் துளை போட்டு ஒரு தொப்பி கடைந்தேன். பார்க்க ஜோராக இருந்தது. போட்டு வாசித்தால் வேர்வைக்கு வழுக்கிக் கழன்று கிதாருக்குள்ளேயே விழுந்தது. அதைக் குலுக்கி எடுப்பதிலேயே ஒரு கரண்ட் கட் போய்விட்டது. நாலு தொப்பி செய்து பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டேன். நடுவிரல் செய்ய வேண்டியதை மோதிர விரலும் சுண்டு விரலும் பிரித்துக்கொண்டன. எஃப் கார்ட் இன்றுவரை சரியாக வராது. அது வருகிற பாட்டை நான் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் கிதார் வீட்டுக்கு வந்தது. திருப்பூர் அம்மா கேட்ட அதே கேள்வியை என் வீட்டுக்காரம்மா அன்றைக்கே கேட்டுவிட்டாள்.

"தவணை கட்டியாச்சுங்களா?"

"இன்னும் இல்ல அம்மிணி."

"அப்புறம் எதுக்குங்க இந்த டொங்கு டொங்கு?"

என்னிடம் பதிலில்லை. ராத்திரி சாப்பிட்டதும் வாசல் திண்ணையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் தட்டுவேன். விரல் நுனி சிவந்து, கொப்புளித்து, மூன்று வாரத்தில் காய்த்துப் போனது. பதில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. சி கார்டிலிருந்து ஜி கார்டுக்கு மூன்று விரலும் ஒரே நேரத்தில் தாண்ட வேண்டும். தாண்டுகிற அந்த அரை விநாடியில் வட்டிக் கணக்கை நினைத்தால் போச்சு, கம்பி கொரகொரவென்று காட்டிக் கொடுத்துவிடும். நினைக்கக் கூடாது என்று யார் சொன்னாலும் கேட்காத மனசு, கம்பிக்குப் பயந்து கேட்டது. பகல் முழுக்க நான் என்ன செய்தாலும் தப்பாகப் போய்க்கொண்டிருந்த வருஷம் அது. மால் கொடுத்தால் பணம் வராது, பணம் வந்தால் கரண்ட் வராது. ராத்திரி அந்த முக்கால் மணி நேரத்தில் மட்டும், என் கை செய்தது சரியாக வந்தது என்று என் காதே எனக்குச் சொன்னது. அதுவும் தினமும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள். அது போதுமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து நான் ஒரு பழைய சினிமாப் பாட்டைத் தட்டுத் தடுமாறி எடுத்துக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து அதன் அடுத்த வரி வந்தது. அவள் பாடுவாள் என்றே எனக்குத் தெரியாது. கல்யாணமாகி அப்போது பதினாறு வருஷம். நான் நிறுத்திவிட்டேன். "ஏன் நிறுத்திட்டீங்க, வாசிங்க" என்றாள்.

கரண்ட் பிரச்சினை தீர்ந்தது. அப்புறம் 2016 நவம்பரில் செல்லாத நோட்டு. அடுத்த வருஷம் ஜிஎஸ்டி, எங்கள் ஜாப் ஒர்க்குக்கு 18 சதவீதம். அதைக் குறைக்கச் சொல்லி நடையாய் நடந்த கதையை உங்கள் பத்திரிகையே நிறைய எழுதியிருக்கிறது, நான் திரும்பச் சொல்லப் போவதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது என் பட்டறையில் பீகார்ப் பையன்கள் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். பட்டறை மேல் மாடியில்தான் தங்கல். அரிசி, பருப்பு, கோதுமை மாவு வாங்கிக் கொடுத்தேன். சம்பளத்தில் பாதிதான் கொடுக்க முடிந்தது, அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சின்னவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போனை வைத்துக்கொண்டு அழுதுகொண்டே இருப்பான். எனக்கு இந்தி நாலு வார்த்தை, அவனுக்குத் தமிழ் பத்து வார்த்தை. ஆறுதல் சொல்ல அது பத்தாது. ஒரு சாயங்காலம் கிதாரை எடுத்துக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்த மூன்று கார்டை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தேன், வேறொன்றும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவன் காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் பிடித்தான். அப்புறம் சின்னவன் அவன் ஊர்ப் பாட்டு ஒன்றை எடுத்தான். போஜ்புரி. நாற்று நடும்போது பாடுகிறது என்று கையால் நட்டுக் காட்டினான். எனக்குத் தெரிந்த மூன்று கார்டுக்குள் அந்தப் பாட்டு எப்படி அடங்கியது என்று இன்றும் ஆச்சரியம்தான். அடங்காத இடத்தில் நான் கம்பியைத் தொடாமல் சும்மா இருந்தேன்.

மே மாதம் சிறப்பு ரயில் விட்டார்கள், போய்விட்டார்கள். சின்னவன் மட்டும் மறு வருஷம் திரும்பி வந்தான். வந்ததும் கேட்டது, "அண்ணா, கிதார் இருக்கா?"

அப்போது கிதார் இருந்தது, நான்தான் வாசிக்கிற நிலையில் இல்லை. 2021 மே மாதம், இரண்டாவது அலையில், என் மச்சான் போய்விட்டார். வீட்டுக்காரம்மாவின் அண்ணன், என்னை இந்தத் தொழிலுக்குக் கூட்டி வந்தவர். முகம்கூடச் சரியாகப் பார்க்க விடவில்லை. இசை மருந்து, இசை எல்லாக் காயத்தையும் ஆற்றும் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், அது இந்த அனுபவத்தால்தான். மூன்று மாதம் கிதாரைத் தொடவில்லை. தொடப் பிடிக்கவில்லை. கம்பியெல்லாம் துருப்பிடித்து, தொட்டால் விரல் கறுத்தது. ஆவணி மாதம் ஒரு நாள் மகள், அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள், என்னிடம் கேட்காமலேயே புதுக் கம்பி வாங்கி வந்து மாட்டிக்கொண்டிருந்தாள். ஆறாவது கம்பியைத் தலைகீழாகச் சுற்றிவிட்டாள். அதைச் சரி செய்யத்தான் கையில் வாங்கினேன். புதுக் கம்பிக்கு ஒரு சத்தம் உண்டு, முதல் இரண்டு நாள்தான் இருக்கும், புதுப் பாத்திரத்தைச் சுண்டினால் வருகிற மாதிரி. சுருதி சேர்த்து ஒரு ஜி தட்டினேன். உள்ளே வீட்டுக்காரம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டாள். யாரும் எதுவும் பேசவில்லை. அன்றைக்கு அவ்வளவுதான், திரும்ப உறையில் வைத்துவிட்டேன். மறுநாள் கொஞ்சம் கூட வாசித்தேன்.

நம்ம ஊர் வாத்தியம் இல்லை என்று திருப்பூர் அம்மா எழுதியதற்கும் ஒரு வார்த்தை. வயலின் மட்டும் நம்ம ஊரா? வெள்ளைக்காரனோடு வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார், இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? ஹார்மோனியமும் அப்படித்தான். இளையராஜாகூட இசையமைக்க வருவதற்கு முன்னால் அடுத்தவர் பாட்டுக்குக் கிதார் வாசித்தவர். 1982-ல் வந்த ஒரு படத்தில் கிதாரிலேயே தொடங்குகிற அந்த நிலாப் பாட்டின் முதல் நாலு விநாடியைக் கேட்டு எது என்று சொல்லாத தமிழன் யார்? அம்மா அவர்களே சொல்லுவார்கள். இன்னொன்று, லேத்தும் நம்ம ஊரில் பிறந்ததில்லை. திருப்பூரில் ஓடுகிற நிட்டிங் மெஷினும் கப்பலில் வந்ததுதான். அதையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டோமா?

அம்மா பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. வேலை இல்லாத பிள்ளை கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் எந்தத் தாய்க்கும் பதறத்தான் செய்யும். கிதார் வேலை வாங்கித் தராது. என் கடனில் ஒரு ரூபாயைக்கூட அது அடைக்கவில்லை, லேத்துதான் அடைத்தது, அதுவும் 2019-ல். பையன் காலையில் பத்து கம்பெனி வாசலில் ஏறி இறங்கட்டும், தேவைப்பட்டால் வேறு தொழிலும் பழகட்டும். சாயங்காலம் வந்து ஒரு மணி நேரம் வாசிக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். பத்து இடத்தில் "சொல்லி அனுப்புறோம்" என்று கேட்டுவிட்டு வருகிறவனுக்கு, அவன் சொன்னால் கேட்கிற ஒரு பொருளாவது வீட்டில் இருக்க வேண்டாமா?

அவர் கடிதத்தில் இன்னொரு விஷயமும் என் கண்ணில் பட்டது. "ஒரே பாட்டை, ஒரே இடத்தில் தப்பாக, திரும்பத் திரும்ப" என்று எழுதியிருந்தார். ஒரே இடத்தில் தப்பு வருகிறதென்றால் அது பையனின் கையாக இல்லாமலும் இருக்கலாம். விலை குறைந்த கிதார்களில் நட்டில் கம்பி உட்காருகிற காடி ஆழமாக வெட்டப்பட்டிருக்காது. கம்பி ஃப்ரெட்டுக்கு ரொம்ப உயரத்தில் நிற்கும். அமுக்கினால் விரல் வெட்டும், சுருதியும் ஏறும். பழகுகிற பிள்ளைகள் தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துப் பாதியில் விட்டுவிடுவார்கள். இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்து, ஊசி அரத்தால் கொஞ்சம் தேய்த்தால் அரை மணி நேர வேலை. நான் தெருப் பிள்ளைகளுக்கு ஏழெட்டு கிதார் அப்படிச் சரி செய்து கொடுத்திருக்கிறேன்.

என் விலாசம் உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். திருப்பூர் அம்மா கேட்டால் தயவுசெய்து கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையில்தான் இருப்பேன், மெஷின் ஓடாது. பையனைக் கிதாரோடு அனுப்பச் சொல்லுங்கள், காசு வேண்டாம். பரணிலிருந்து இறக்கும்போது கழுத்தைப் பிடித்து இழுக்காமல், கீழே ஒரு கை கொடுத்து இறக்க வேண்டும். கம்பியை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டுக் கொண்டு வரட்டும். பிரிட்ஜ் ஏற்கெனவே கழன்றிருந்தால் கழன்ற கட்டையை எறிந்துவிட வேண்டாம், ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர் ஒருவர்,
கணபதி, கோவை.